முலாகோக் குன்றுக்குச் செல்லும் பாதை

ஆபிரிக்காக் கண்டத்தின் நிலப்படத்தை மேசைமேல் விரித்து, பூமத்திய ரேகையின் வழியே கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி விரலை நகர்த்திச் செல்லுங்கள். கெனியா நாட்டைக் கடந்தவுடன் கடலெனப் பரந்த ஓர் ஏரி எதிர்ப்படும். பரப்பளவில் நம் இலங்கைத் தீவிலும் சற்றுப் பெரிதாகிய அந்த நீர்நிலையே விக்ரோறியா ஏரி. அதன் வடகரையை அடுத்து, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,900 அடி உயரத்தில், உகண்டா நாட்டின் தலைநகராகிய கம்பாலா அமைந்துள்ளது.

கம்பாலா குன்றுகளின் நகரம். ஏழு குன்றுகளின்மேல் எழுந்தது என்று சொல்வது பழைய வழக்கு. இன்று நகரம் அந்த ஏழையும் தாண்டி எத்தனையோ மேடுகளில் ஏறிப் பரந்துவிட்டது. ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பெருமை உண்டு. காசுபிக் குன்றில் புகாண்டா அரசர்களின் சமாதிகள் இருக்கின்றன. நமிரெம்பேயிலும் ருபாகாவிலும் கிறித்தவப் பேராலயங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கிபுலிக் குன்றிலே பள்ளிவாசல் விளங்குகின்றது. மக்கரேரேக் குன்று பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்றது. அதற்கு அயலிலுள்ள முலாகோக் குன்றுக்கு வைத்தியசாலையே அடையாளம்.

நாம் செல்லவிருப்பது இந்த முலாகோவுக்குத்தான். பிரயாணக் கட்டுரைக்கு ஒரு வைத்தியசாலை ஏற்ற பொருளோ என்று வாசகர் ஐயுறக்கூடும். ஆனால் மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் மிக விரைவாக வளரும் ஒன்று உலகத்தாரால் இனங்காணப்பட்டது இக்குன்றிலேதான். அதைத் தேடி ஒரு வைத்தியர் பத்தாயிரம் மைல் மோட்டார் வண்டியிற் சென்றதும் இங்கிருந்துதான். அந்நோயால் வருந்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் இன்றும் நெடுந்தூரத்திலிருந்து வந்து சேர்வதும் இங்கேதான். ஆகவே இது வைத்தியத்தின் கதை மட்டுமன்று, பாதைகளின் கதையுமாகும்.

நோயின் இயல்பு

காலிலே முள் குத்திப் புண்ணானால் தொடைச்சந்தில் நெறி கட்டுவதை நாம் எல்லோரும் அறிவோம். உடலெங்கும் இரத்தக் குழாய்கள் ஓடுவதுபோல நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றின் சந்திகளிலே, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்கள் காவலிருக்கின்றன. காவற்காரர்களாகிய இக்கலங்களே கட்டுப்பாடிழந்து பெருகத் தொடங்கினால் அது நிணநீர்ப் புற்றுநோய் எனப்படும். அதில் பல வகைகள் உண்டு. சில ஆண்டுக் கணக்கில் மெல்ல ஊர்வன. சில கிழமைக் கணக்கில் பாய்வன. பாய்கின்றவற்றுள் முதலிடம் பெறுவது பேர்க்கிற் நிணநீர்ப் புற்றுநோய். இதன் கலங்கள் ஒரு நாளிலோ, இரண்டு மூன்று நாட்களிலோ இருமடங்காகக் கூடியவை.

ஆபிரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலே இது பெரும்பாலும் நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பற்றுகிறது. பெண் பிள்ளைகளிலும் ஆண் பிள்ளைகளே மிகுதி. தாடை எலும்பில் தொடங்குவது அங்கே சாதாரணம். முதலில் பாற்பல் ஒன்று ஆடும். அந்த வயதிலே பல் ஆடுவது இயல்பாதலால் தாய் கவலைப்படமாட்டாள். பின்னர் கன்னம் வீங்கும், முகம் கோணும், சிலருக்குக் கண் வெளியே பிதுங்கும். வயிற்றிலே கட்டி தோன்றுவதும் உண்டு. முள்ளந்தண்டை அழுத்தினால், நேற்று ஓடித் திரிந்த பிள்ளை இன்று கால் அசைக்க முடியாமற் போய்விடும்.

இரண்டு குழந்தைகள்

டாக்டர் டெனிஸ் பேர்க்கிற் 1911 ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள எனிஸ்கிலன் என்னும் ஊரிற் பிறந்தவர். பதினொரு வயதில் நேர்ந்த விபத்தொன்றில் வலக் கண்ணை இழந்தார். அவருடைய தந்தையார் பொறியியலாளராக இருந்தவர். ஓய்வு நேரங்களில் தம் தோட்டத்துச் சிறு பறவைகளின் காலில் வளையமிட்டு, எந்தப் பறவை எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று வரைபடம் கீறியவர். வரைபடத்தில் குறியிட்டு உண்மையைத் தேடும் அந்தப் பழக்கம் மகனுக்கும் வாய்த்தது என்றே சொல்லவேண்டும்.

உகண்டாவுக்கு 1946 இல் வந்த பேர்க்கிற், முதலில் வடக்கே லிரா என்னும் ஊரிலும், 1948 முதல் முலாகோவிலும் சத்திரசிகிச்சை வைத்தியராகக் கடமை புரிந்தார். 1957 இல் ஒருநாள், சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாயிருந்த டாக்டர் ஹியூ ட்ரவல், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்குமாறு அவரை அழைத்தார். அச்சிறுவனின் மேற்றாடையிலும் கீழ்த்தாடையிலும், இடப்புறமும் வலப்புறமுமாக நான்கு இடங்களில் வீக்கம் இருந்தது. சீழ்க்கட்டியாயின் ஓரிடத்தில் இருக்கும். சாதாரணப் புற்றாயினும் ஓரிடத்தில் தோன்றிப் பரவும். நான்கு மூலைகளிலும் ஒருங்கே தோன்றிய இது யாது? விடை கிடைக்கவில்லை.

சில கிழமைகளுக்குப் பின்னர், நைல் நதி விக்ரோறியா ஏரியிலிருந்து புறப்படும் இடத்திலுள்ள ஜிஞ்சா நகரின் வைத்தியசாலைக்குப் பேர்க்கிற் சென்றிருந்தார். சன்னல் வழியே வெளியே பார்த்தபோது, புற்றரையிலே தாயுடன் இருந்த ஒரு குழந்தையின் வீங்கிய முகம் கண்ணிற் பட்டது. அதே நான்கு மூலை வீக்கம். சோதித்துப் பார்த்தபோது வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. ஒன்றைக் காண்பது வியப்பு. இரண்டைக் காண்பது தடயம். முலாகோவுக்குத் திரும்பிய அவர் பழைய நோயாளர் ஏடுகளைப் புரட்டலானார். தாடைக் கட்டி என்றும், வயிற்றுக் கட்டி என்றும், கண் கட்டி என்றும் வெவ்வேறு நோய்களாக எழுதி வைக்கப்பட்டிருந்தவை யாவும் ஒரே நோயின் பல முகங்கள் என்பது மெல்ல மெல்லப் புலப்பட்டது. 1958 இல் அவர் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். அது நிணநீர்க் கலங்களிலிருந்து பிறக்கும் புற்று என்பதை முலாகோவிற் பணியாற்றிய கிரெகரி ஓ'கோனர் முதலிய நோயியல் அறிஞர்கள் நிறுவினர்.

இந்நோய் புதிதாக முளைத்ததன்று. 1897 இல் கம்பாலாவில் மெங்கோ வைத்தியசாலையை நிறுவிய அல்பேட் குக் அவர்களின் பழைய குறிப்புகளிலேயே இத்தகைய தாடைக் கட்டிகள் வரையப்பட்டிருக்கின்றன. எல்லோரும் கண்டிருந்தனர், ஒருவரும் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திலர்.

பத்தாயிரம் மைல்

இந்நோய் ஆபிரிக்காவில் எங்கே உண்டு, எங்கே இல்லை? இக்கேள்வி பேர்க்கிற்றை விடவில்லை. ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்த முதல் உதவித்தொகை 25 பவுண் மாத்திரமே. அதைக் கொண்டு நோயுற்ற குழந்தைகளின் படங்களோடு கூடிய துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, ஆபிரிக்காவெங்குமுள்ள அரசாங்க வைத்தியசாலைகளுக்கும் மிஷன் வைத்தியசாலைகளுக்கும் அனுப்பினார். "இத்தகைய பிள்ளைகளைக் கண்டதுண்டா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. பதில்கள் வரவர, சுவரிலே தொங்கிய நிலப்படத்தில் ஊசிகளைக் குத்திக்கொண்டு வந்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே 15 பாகையும் தெற்கே 15 பாகையுமாக ஒரு பட்டி போன்ற பிரதேசம் தெளிவாயிற்று. கிழக்குக் கரையோரத்தில் மட்டும் அப்பட்டி தெற்கே மொசாம்பிக் வரை ஒரு வாலை நீட்டியிருந்தது.

பட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை நேரிற் சென்று பார்த்தாலன்றிக் காரணம் விளங்காது என்று அவர் துணிந்தார். 250 பவுணுக்கு ஒரு பழைய ஃபோர்ட் வண்டியை வாங்கினார். அரூவா நகருக்கு அண்மையிலுள்ள குளுவா வைத்தியசாலையின் டாக்டர் எட்வேட் வில்லியம்ஸ், அவருடைய நண்பராகிய டாக்டர் கிளிஃபர்ட் நெல்சன் ஆகிய இருவரும் துணைவந்தனர். வில்லியம்ஸ் வண்டி திருத்துவதிலும் கைதேர்ந்தவர். அத்தகைய பாதைகளில் அந்தக் கைத்திறன் மருந்துப் பெட்டிக்கு நிகரான உதவியன்றோ! 1961 ஒக்டோபர் 7 ஆம் நாள் மூவரும் கம்பாலாவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர்.

அன்றைய தங்கனீக்கா, நியாசாலாந்து, றொடீசியா, மொசாம்பிக் வழியாகத் தென்னாபிரிக்கா வரை சென்று திரும்பிய அப்பயணம் பத்துக் கிழமைகள் நீடித்தது. கடந்த தூரம் 10,000 மைல். ஐம்பதுக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகளில் இறங்கி, அங்குள்ள வைத்தியர்களிடம் படங்களைக் காட்டி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். "நெடும் சவாரி" என்ற பெயரால் வைத்திய வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட பிரயாணம் இது.

கிடைத்த விடை விசித்திரமானது. பூமத்திய ரேகையை அடுத்த நாடுகளில் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைப் பிரதேசங்களில் இந்நோய் இல்லை. சற்றுத் தெற்கே போனால் 3,000 அடிக்கு மேல் இல்லை. இன்னும் தெற்கே, மொசாம்பிக்கை அடைந்தால், 1,000 அடிக்கு மேலேயே இல்லை. உயரம் மாறுகிறதே என்று மலைத்தபோது, அது உண்மையில் உயரத்தின் எல்லையன்று, குளிரின் எல்லை என்பது விளங்கிற்று. வெப்பம் 60 பாகை பரனைற்றுக்குக் கீழே இறங்கும் இடத்தில் நோய் நின்றுவிடுகிறது. மழை குறைந்த வறண்ட இடத்திலும் நின்றுவிடுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்திலே வாழ்வது எது? நுளம்பு!

நம் நாட்டவருக்கு இதை விளக்க அதிகம் சொல்லவேண்டியதில்லை. வன்னியிலும் ஏனைய உலர்ந்த பகுதிகளிலும் மக்களை வாட்டிய மலேரியாக் காய்ச்சல் நுவரெலியாவின் குளிரில் ஏறியதில்லை என்பதை நம் பாட்டன்மார் நன்கறிவர். பேர்க்கிற்றின் வரைபடமும் ஆபிரிக்காவில் மலேரியா ஓயாது வருத்தும் பிரதேசங்களின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின.

மூடுபனியில் வந்த பொதி

கதை இப்போது ஆபிரிக்காவை விட்டு லண்டனுக்குச் செல்லவேண்டியிருக்கிறது. 1961 மார்ச் 22 ஆம் நாள், நெடும் சவாரிக்கு முன்னரே, பேர்க்கிற் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் இந்நோய்பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டிருந்தவர்களுள் அன்ரனி எப்ஸ்ரீன் என்னும் இளம் ஆராய்ச்சியாளரும் ஒருவர். ஓர் இடத்தின் வெப்பத்தையும் மழையையும் பொறுத்து வரும் புற்றுநோய்க்குக் கிருமியொன்று காரணமாயிருக்கலாம் என்று அவர் கருதினார். அன்று முதல், கம்பாலாவில் எடுக்கப்பட்ட கட்டித் துண்டுகள் இரவு விமானத்தில் ஏற்றப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இரண்டாண்டுகள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

1963 டிசம்பர் 5 ஆம் நாள் லண்டனைப் மூடுபனி சூழ்ந்திருந்தமையால், விமானம் மஞ்செஸ்ரர் நகருக்குத் திருப்பி விடப்பட்டது. பொதி நேரங்கழித்து வந்து சேர்ந்தபோது, கட்டித்துண்டு மிதந்த திரவம் கலங்கியிருந்தது. பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடக்கூடிய நிலை. எப்ஸ்ரீன் அதில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். கலக்கத்துக்குக் காரணம் அழுகலன்று. கட்டியிலிருந்து உதிர்ந்து தனித்தனியே உயிருடன் மிதந்த புற்றுக் கலங்களே! அவற்றை வளர்த்து, 1964 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத ஒரு வைரசு காணப்பட்டது. அவரும், உடன் உழைத்த இவோன் பார், பேட் அச்சோங் ஆகியோரும் அதை உலகுக்கு அறிவித்தனர். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரசுகளுள் முதலில் அறியப்பட்டது அதுவே. எப்ஸ்ரீன்-பார் வைரசு என்று அதற்குப் பெயர்.

இவ்விடத்தில் வாசகர் அஞ்சவேண்டாம். இந்த வைரசு உலகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் உடலில் இருக்கிறது. பெரும்பாலோர்க்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. உகண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் 1970களில் ஏறக்குறைய 42,000 சிறுவரின் இரத்தத்தை எடுத்துவைத்து ஆண்டுக் கணக்கில் அவதானித்ததில், அவர்களுள் மிகச் சிலருக்கே இந்நோய் கண்டது. வைரசு ஒரு துணை. மீண்டும் மீண்டும் வரும் மலேரியா இன்னொரு துணை. இரண்டினாலும் ஓயாது தூண்டப்படும் வெண்கலம் பெருகிப் பிரியும்போது, என்றோ ஒருநாள் அதன் நிறமூர்த்தம் ஒன்று முறிந்து வேறொன்றோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்று அப்போது இடம் மாறி, நிறுத்தமில்லாமல் இயங்கத் தொடங்குகிறது. இந்த உண்மை 1982 இல் வெளியாயிற்று. ஆகவே இந்நோய் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றுவதன்று. தாய் செய்த தவறால் வருவதுமன்று.

கட்டி கரையும் விந்தை

முலாகோவில் அக்காலத்தில் கதிர்ச் சிகிச்சைக்கு வசதி இல்லை. தாடையை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையோ குழந்தையின் முகத்தைச் சிதைத்ததன்றிப் பயன் தரவில்லை. ஆகவே பேர்க்கிற், அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோசப் பேர்ச்செனல் முதலியோரின் துணையுடன், அப்போதுதான் பரீட்சிக்கப்பட்டு வந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். மெதோரெக்சேற், சைக்ளோபொஸ்பமைட், வின்கிறிஸ்ரின் என்பன அவை. எவரும் எதிர்பாராத விந்தை நிகழ்ந்தது. சில நாட்களிலேயே வீக்கம் வற்றியது. ஒன்றிரண்டு ஊசிகளோடு நீண்ட காலம் சுகமாய் வாழ்ந்த பிள்ளைகளும் இருந்தனர். புற்றுநோயை மருந்தினால் மட்டுமே குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை உலகில் வேரூன்ற முலாகோவின் இக்குழந்தைகளும் காரணமாயினர்.

விரைவாக வளர்வது எதுவோ அதுவே விரைவாகக் கரைகிறது. இதற்குக் காரணம் உண்டு. இம்மருந்துகள் பிரிந்து பெருகும் கலத்தையே தாக்கும். மெல்ல வளரும் கட்டியில் பெரும்பாலான கலங்கள் உறங்கிக் கிடப்பதால் மருந்துக்குத் தப்பிவிடும். இக்கட்டியிலோ ஏறக்குறைய எல்லாக் கலங்களும் ஓய்வின்றிப் பெருகுகின்றன; ஆகையால் எல்லாம் அகப்பட்டுக்கொள்கின்றன.

1967 இல் நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்று முலாகோவில் திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் அமெரிக்கரான டாக்டர் ஜோன் சீக்லர். 1972 இல் இடி அமீன் ஆட்சியின் குழப்பங்களிடையே வெளிநாட்டு வைத்தியர்கள் வெளியேற, உகண்டா நாட்டவராகிய டாக்டர் சாள்ஸ் ஒல்வெனி பொறுப்பேற்றார். மருந்துத் தட்டுப்பாடும் உள்நாட்டுப் போரும் நிறைந்த ஆண்டுகளிலும் அதன் கதவு மூடப்படவில்லை. அதுவே இன்று உகண்டாப் புற்றுநோய் நிலையம். 2015 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் கூட்டுறவுடன் புதிய கட்டடம் ஒன்றும் அங்கே எழுந்தது.

தாயும் பிள்ளையும்

இப்பொழுது வடக்கே, அரூவாவுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுவனுக்குப் பல் ஆடுகிறது, கன்னம் வீங்குகிறது. முதலில் பல்லைப் பிடுங்குவார்கள். வீக்கம் அடங்காது. நாட்டு வைத்தியர் மூலிகை கட்டுவார். அடுத்தது கிராமச் சுகாதார நிலையம். அங்கே மலேரியாவுக்கோ பற்சீழுக்கோ மருந்து கிடைக்கும். பின்னர் மாவட்ட வைத்தியசாலை. அங்கேதான், "இவனைக் கம்பாலாவுக்குக் கொண்டுபோ" என்பார்கள். கம்பாலாவோ முந்நூறு மைலுக்கு அப்பால். பஸ் கட்டணத்துக்கு ஆடு விற்கவேண்டும். மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்கவேண்டும். நைல் நதியைப் பாக்வாச்சில் ஒருமுறையும் கருமாவில் ஒருமுறையும் கடந்து, பகல் முழுதும் ஓடும் பஸ்ஸில் வரவேண்டும்.

இதற்குள் நாலு கிழமை கழிந்துவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒன்று, நாலு கிழமையில் ஒன்பது முறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒன்பதாம் முறையில் அது 512 ஆகிவிடும். வேறு நோயில் நாலு கிழமைத் தாமதம் பொறுக்கத்தக்கதாயிருக்கலாம். இந்நோயில் அது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

குன்றை வந்தடைந்ததும் கட்டியில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதிப்பார்கள். முள்ளந்தண்டு நீரையும் எலும்பு மச்சையையும் ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்தை உடனே ஏற்றுவதில்லை. முதலில் சேலைன் நீரை நாளத்தின் வழியே தாராளமாகச் செலுத்துவார்கள். ஏனெனில் பெரிய கட்டி ஒருங்கே கரையும்போது, இறந்த கலங்களின் கழிவு இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். நோயைக் கொல்லும் வேகமே பிள்ளையைக் கொல்லாதபடி காக்கும் ஏற்பாடு இது. அதன் பின்னரே ஊசி. மூளைக்கு நோய் பரவாதிருக்க முள்ளந்தண்டிலும் மருந்து செலுத்தப்படும்.

பின்னர் வரும் நாட்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் கடினமானவை. குமட்டும், வாய் புண்ணாகும், தலைமயிர் உதிரும், விரல் நுனி விறைக்கும். வெண்கலங்கள் குறைவதால் சிறு காய்ச்சலும் பேராபத்தாகலாம். அந்நாட்டு வைத்தியசாலைகளில் நோயாளியைப் பராமரிப்பது பெரும்பாலும் உறவினரின் கடமை. உணவு தேடுவதும், துணி துவைப்பதும், பாய் விரித்துக் கட்டிலருகே படுப்பதும் தாயே. "மாத்தோக்கே" என்னும் அவித்து மசித்த வாழைக்காயை வாய்ப்புண்ணோடு வருந்தும் பிள்ளைக்குச் சிறிது சிறிதாக ஊட்டுவாள். அயற் கட்டிலில் இருக்கும் தாய் வேறு மாவட்டத்தவள், வேறு மொழி பேசுபவள். ஆயினும் சில நாட்களில் இருவரும் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிடுவர்.

இனித்தான் மிக நுட்பமான ஆபத்து வருகிறது. முதல் ஊசியின் பின் சில நாட்களில் வீக்கம் வற்றி, மறைந்துபோன பழைய முகம் திரும்பி வரும். பிள்ளை சிரிப்பான். "மகன் சுகப்பட்டுவிட்டான்" என்று தாய் மகிழ்வாள். ஊரிலே பயிர் காத்திருக்கும். மற்றப் பிள்ளைகள் காத்திருக்கும். கையிற் பணமும் இல்லை. இனி ஏன் இருக்கவேண்டும்? மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். அல்லது, "இரண்டு கிழமையில் வா" என்று வைத்தியர் சொல்ல, ஊருக்குப் போனவள் திரும்பிவரப் பஸ் கட்டணமின்றி நின்றுவிடுவாள். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய கலங்களோ நின்றுவிடுவதில்லை. மறுபடியும் அவை இரட்டித்து எழும்போது, முன்னர்க் கேட்ட மருந்துக்கு எளிதில் அடங்கா. அவளைக் குறைகூற எவராலும் இயலும்? அவள் அறியாமையால் மட்டும் போனவளல்லள்; பாதையின் நீளத்தாலும் கையின் வறுமையாலும் போனவள்.

செல்வ நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் குணமடைகின்றனர். ஆபிரிக்காவின் இப்பகுதிகளிலோ பாதிப்பேரைக் காப்பாற்றுவதே பெருமுயற்சி. நோய் ஒன்றே, அடிப்படை மருந்துகளும் பெரும்பாலும் அவையே. வேறுபாடு எங்கே இருக்கிறது? நோயை நேரத்தோடு இனங்காண்பதில் இருக்கிறது. வன்மையான மருந்தைத் தாங்குவதற்கு வேண்டிய இரத்தமும், கிருமிகொல்லி மருந்தும், தாதியர் பராமரிப்பும் கிடைப்பதில் இருக்கிறது. கடைசி ஊசி வரை பிள்ளையை அங்கேயே வைத்திருக்கக் குடும்பத்துக்கு இயல்வதில் இருக்கிறது. இதை உணர்ந்தே, தாய்மார் தங்குவதற்கு இடமும் திரும்பிவரப் பஸ் கட்டணமும் கொடுத்துதவும் ஏற்பாடுகளும் சில இடங்களில் நடைபெறுகின்றன. குளு நகரை அடுத்த லாச்சோர் வைத்தியசாலை போன்ற வடபகுதி வைத்தியசாலைகளிலேயே சிகிச்சை அளிப்பதும் பாதையைச் சுருக்கும் ஒரு வழியாகும். ஒரு பஸ் கட்டணமும் மருந்தே என்று இங்கே கூறினால் அது மிகையாகாது.

நமக்கும் உரியது

டாக்டர் பேர்க்கிற் 1993 இலும், எப்ஸ்ரீன் தமது 102 ஆம் வயதில் 2024 இலும் காலமாயினர். அவர்கள் தேடிய நோய் ஆபிரிக்காவோடு அடங்கியதன்று. மலேரியாவோடு தொடர்பில்லாத வகை எல்லா நாடுகளிலும் அருமையாகத் தோன்றுகிறது. அது தாடையிலும் பார்க்க வயிற்றிலேயே மிகுதி. மலேரியா முற்றாக ஒழிந்த நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்ட நம் நாட்டிலும் நிணநீர்ப் புற்றுநோய்கள் இல்லாமலில்லை. அவற்றைக் குணப்படுத்த மகரகமையில் அபேக்ஷா வைத்தியசாலையும், வடக்கே தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன.

ஆகவே குடும்பத்தார் மனத்திற் கொள்ளவேண்டியவை இரண்டு. நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம் பிள்ளையின் முகத்திலாயினும், கழுத்திலாயினும், வயிற்றிலாயினும் தென்பட்டால், "இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்" என்று பொறுத்திராது வைத்தியரிடம் காட்டவேண்டும். பெரும்பாலும் அது வேறு சாதாரண நோயாகவே இருக்கும், அதனால் இழப்பொன்றுமில்லை. புற்றென்று தெரிந்து சிகிச்சை தொடங்கிவிட்டால், வீக்கம் வற்றியது கண்டு இடையில் நிறுத்தாது வைத்தியர் குறித்த கடைசி நாள் வரை செல்லவேண்டும். இந்நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே திரும்பும். அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் நலமாகக் கடந்த பிள்ளை ஏனைய பிள்ளைகளைப்போலவே வளர்ந்து வாழும்.

அயலில் ஒரு வீட்டிலே இப்படியொரு பிள்ளை இருந்தால், நோய் தொற்றும் என்று அஞ்சி விலகாது, அந்தத் தாய் வைத்தியசாலையில் இருக்கும் நாட்களில் அவளுடைய மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பது நம்மாலும் இயலும். மருந்து கொடுப்பவர் வைத்தியர். அந்த மருந்தை முடிக்கும்வரை தாய் தரித்திருக்க உதவுபவர் அயலவரும் உறவினருமே.